பெரிய மூட்டை முதலில்

கம்பளியை முதலில் அனுப்பியிருக்கக் கூடாது. பாத்திரங்களை அனுப்பியிருக்கலாம். ஓடாத அந்தச் சுவர்க்கடிகாரத்தை அனுப்பியிருக்கலாம். இந்தப் பனியில் கம்பளியையெல்லாம் கொடுத்துவிட்டு, கோடையில் போர்த்துகிற மெல்லிய போர்வையோடு சுருண்டு கிடக்கிறவளைப் பார்த்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? புத்தி முன்னாலேயே வண்டியேறிப் போய்விட்டது, உடம்பு மட்டும் பாக்கி என்பார்கள்.

விடிந்து வெகு நேரமாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. நேற்று மாலை, வீடுகளுக்குச் சூடு தரும் கட்டடத்தின் கொதிகலன் நின்றுபோனது. சுவரோரமாக ஓடும் வெந்நீர்க் குழாய்கள் செத்த பாம்புபோல் சில்லிட்டுக் கிடந்தன. ஆளாளுக்கு மின்சார ஹீட்டரைச் செருகியதில் ஃபியூஸ் போய், வாட்ச்மேன் படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டி, "யாரும் ஹீட்டர் போடாதீங்க, லைட்டாவது எரியட்டும்" என்று கெஞ்சிவிட்டுப் போனார். கொதிகலனுக்கு ஏதோ ஒரு பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டுமாம். புத்தாண்டு விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாதாம்.

வெள்ளிக்கிழமை சரியானால் அவளுக்கு என்ன, ஆகாவிட்டால் என்ன. சனிக்கிழமை மகன் வந்துவிடுவான்.

பெரிய மூட்டை முதலில் போகவேண்டும் என்பது அவள் கணவர் வகுத்த சட்டம். பாலம் கட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர். ஒவ்வொரு முறையும் வீட்டிலேயே பெரிய மூட்டை எதுவோ அதை முதல் லாரியில் ஏற்றிவிடுவார். "பெரிசு போயிட்டா மிச்சமெல்லாம் தானா நகர்ந்துரும்" என்பார். எத்தனையோ வீடுகள் அப்படித்தான் நகர்ந்தன. எந்த வீட்டையும் அவள் தேர்ந்தெடுத்ததில்லை. எதையும் வேண்டாமென்றும் சொன்னதில்லை. அவர் இறந்துபோய் இரண்டு குளிர்காலம் ஆகியும் சட்டம் மட்டும் போகவில்லை. அது மகனிடம் இருந்தது.

புத்தாண்டு அன்று மகன் குடும்பத்தோடு வந்தான். சாப்பாட்டு மேசையில், குழந்தைக்கு வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே மருமகள் பேச்சை எடுத்தாள். "அத்தை, இங்க தனியா எதுக்கு இருக்கீங்க? பேசக்கூட ஆளில்ல. எங்ககூடவே வந்துருங்களேன், நிரந்தரமா."

"சரிம்மா" என்றாள் அவள்.

அந்தச் 'சரி' எங்கிருந்து வந்தது என்று பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். மனதிலிருந்து வரவில்லை. மனதிலிருந்து வரும் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கும், வாய்க்கு வர நேரமெடுக்கும். இது கதவு திறந்திருந்த வீட்டிலிருந்து பூனை ஓடுவதுபோல் ஓடிவிட்டது. ஆனால் மருமகள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. டிசம்பர் முழுவதும் அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை. அவளிடம் திரைச்சீலை தைக்க அளவு கொடுக்க வந்தவர்களிடம் நீளமும் அகலமும் கேட்டதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மகன் மனைவியிடம் சொல்லிவிட்டு உற்சாகமாக எழுந்து, வீட்டிலேயே பெரிய மூட்டையைத் தேடினான். கம்பளிகள்தான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டினான். காரில் அதற்கு மேல் இடமில்லை. பிறகு அவளுடைய தையல் மெஷினைப் பழைய படுக்கை விரிப்பால் மூடிக் கயிற்றால் சுற்றி, கதவோரம் நிறுத்தினான். "அடுத்த சனிக்கிழம காலி வண்டியோட வர்றேன். நீயும் மெஷினும் ரெடியா இருங்க. வீட்டுக்காரர்ட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிரும்மா."

அந்த ஒரு வார்த்தையை அவள் இன்னும் சொல்லவில்லை. தினமும் போனை எடுப்பாள், பிறகு அதைத் துடைத்து வைத்துவிடுவாள்.

கால்விரல்கள் மரத்துப்போனபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை இருக்கிறது. துணி உலர்த்தும் மெஷின்களுக்குத் தனி மின்சார இணைப்பு. அவள் படுக்கையிலிருந்த போர்வையை உருவி, அழுக்குத் துணிபோல் ஒரு கூடைக்குள் திணித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு படியிறங்கினாள். திருடப் போகிறவள்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அறையில் ஏற்கெனவே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டாம் மாடிப் பெண் உட்கார்ந்திருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கட்டடத்தில் அவளைப் பஸ்காரி என்றுதான் சொல்வார்கள், அவள் காது படவே. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி, இவர்கள் இருவரும் பேசியதில்லை.

அவள் போர்வையை மெஷினுக்குள் போட்டாள். பஸ்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அது ஈரமே இல்லையே?"

அவளுக்கு முகம் சூடானது. அன்றைக்கு அவள் உடம்பில் முதன்முதலாகச் சூடான இடம் அதுதான். "லேசா... ஈரம் மாதிரி இருந்துச்சு" என்றாள்.

"என் சாக்ஸும் அப்படித்தான். காலையிலேர்ந்து மூணு தடவ காயுது" என்றாள் பஸ்காரி. "இன்னொரு தடவ காஞ்சா அப்பளமாயிரும்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடித்தபோது அவள் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சத்தம் தன்னிடம் பத்திரமாக இருந்திருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மதியத்துக்குள் காய்ந்த துணிக்காரர்கள் பெருகினார்கள். மூன்றாம் மாடியிலிருந்து கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியைச் சூடாக்கிச் சுற்றிக்கொண்டு, போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு ரேடியோ வந்தார். ரேடியோ என்பது ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர். ஒரு தடவை திருகிவிட்டால் நிறுத்த முடியாது என்பதால் வந்த பெயர். ஒரு கையில் ஈரமில்லாத சட்டை, இன்னொரு கையில் மூடிபோட்ட சூப் பாத்திரம்.

"கப்பல்ல கொதிகலன் நின்னா என்ன செய்வோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, கதைய அப்புறம் போடுங்க, மூடிய முதல்ல தெறங்க" என்றாள் பஸ்காரி.

நாலைந்து பேரும் மூன்று மெஷின்களும் சூப்பும் இருந்தும் அறை சூடேறவில்லை. அறைக்குக் கதவு இல்லை. எப்போதோ பெரிய மெஷினை உள்ளே கொண்டுவருவதற்காகக் கழற்றியதை யாரும் திரும்ப மாட்டவில்லை. மெஷின்கள் கக்கிய சூடெல்லாம் அந்த வாசல் வழியாக மாடிப்படியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. குழந்தை தும்மியது.

அவள் வாசலைப் பார்த்தாள். பார்த்தவுடனே அளந்துவிட்டாள், அது அவள் கண்ணின் பழக்கம். உள்ளே லைனிங், நடுவில் கனத் துணி, மேலே வளையம். எத்தனை வீட்டு ஜன்னல்களுக்குப் போட்டிருக்கிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தவித்தாள். சனிக்கிழமை போகப்போகிறவள் எதற்கு? கட்டிவைத்த மெஷினை மறுபடி அவிழ்ப்பதா? ஆனால் வாய் அன்றைக்கு அவளைக் கேட்கவில்லை.

"ஒரு திரை போட்டா சூடு உள்ளயே நிக்கும்" என்றாள். "தடிமனா."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "போடுங்கக்கா" என்றாள் பஸ்காரி. "எங்களுக்கு ஊசியில நூல்கூட கோக்க வராது. நீங்க சொல்லுங்க, நாங்க தூக்குறோம், பிடிக்கிறோம்."

மாடியில் மெஷினின் முன்னால் அவள் மண்டியிட்டாள். கயிற்றில் மகன் போட்டிருந்தது அவன் அப்பாவின் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். வாழ்நாள் முழுவதும் அவள் கயிற்றை வெட்டியதில்லை. வீடு மாறும்போதெல்லாம் உட்கார்ந்து நகம் பெயரப் பெயர அவிழ்த்து, சுருட்டி, அடுத்த வீட்டுக்கென்று பத்திரப்படுத்துவாள். அடுத்த வீடு என்று ஒன்று எப்போதும் இருக்கும். இப்போதும் நகத்தை வைத்தாள். விரல்கள் குளிரில் சொன்னபடி கேட்கவில்லை. அவள் எழுந்துபோய்த் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். ஒரே வெட்டு. கயிறு சடசடவென்று தளர்ந்து தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. தேவையில்லாத இடத்திலும் இன்னொரு வெட்டு வெட்டினாள்.

துணிக்குப் பஞ்சமில்லை. தூக்கிப்போடுவதற்காக இரண்டு பைகளில் ஒதுக்கியிருந்த மிச்சத்துண்டுகள். யார் யாருடைய வரவேற்பறைகளோ, படுக்கையறைகளோ. பழுப்பு, பச்சை, தங்கக்கோடு போட்ட நீலம். ஒன்றுக்கொன்று ஒட்டாத அவற்றையெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டே போனாள். பெடலை மிதிக்க மிதிக்கப் பாதத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. பஸ்காரி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பேருந்தில் ஏறி இறங்குகிறவர்களைப் பற்றிப் பஸ்காரி சொன்ன கதைகளுக்கு இவள் தலை நிமிராமலே சிரித்தாள்.

அடிமடிப்பு வந்தபோது சிக்கல். நேராகத் தொங்க வேண்டுமென்றால் உள்ளே கனம் வேண்டும். வழக்கமாக ஈயச் சங்கிலி கோப்பாள். கையிருப்பு தீர்ந்திருந்தது.

"கனம்தானே?" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த வாட்ச்மேன். கீழே போய் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே பழைய சாவிகள். கட்டடத்தில் குடியிருந்து போனவர்கள் விட்டுப்போனவை, எந்தக் கதவுக்கும் சேராதவை. "எறியவும் மனசில்ல, வச்சுக்கவும் எடமில்ல. எடுத்துக்குங்கம்மா."

அவள் ஒவ்வொரு சாவியாக மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். மாலைக்குள் திரை சலவை அறை வாசலில் ஒரு கம்பியில் ஏறியது. யாராவது விலக்கிக்கொண்டு நுழைந்தால் அடியில் சாவிகள் குலுங்கின. சற்று நேரத்தில் பஸ்காரி கோட்டைக் கழற்றினாள். பிறகு ரேடியோ மஃப்ளரைக் கழற்றினார். குழந்தை கைகால்களை வெளியே நீட்டிக் காற்றை உதைத்தது. அதைவிடப் பெரிய பாராட்டு எதுவும் அவள் தொழிலில் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அந்த வாரம் முழுவதும் மாலை நேரம் அங்கேதான். ஒருநாள் பஸ்காரி ஆரம்பித்தாள். "புது வருஷமாச்சே, யார் யாருக்கு என்ன தீர்மானம்? எனக்கு ஹாரன் அடிக்கிறதக் குறைக்கணும்."

"நான் பேச்சக் குறைக்கப்போறேன்" என்றார் ரேடியோ.

"எப்பலேர்ந்து?"

"அதப் பத்தி ஒரு கதை இருக்கு..."

இளம்பெண் சிரிப்பினூடே, "எனக்குத் தூங்கணும். வேற ஒண்ணுமே வேணாம்" என்றாள். பிறகு எல்லோரும் இவள் பக்கம் திரும்பினார்கள். "நீங்கக்கா?"

"நான் சனிக்கிழம போறேன்" என்றாள். "மகன் வீட்டுக்கு. ஒரேயடியா."

இளம்பெண் குழந்தையின் குல்லாவைத் தேவையில்லாமல் சரிசெய்தாள்.

"நல்ல விஷயம்தான்" என்றார் ரேடியோ கடைசியில். "உங்களுக்குப் போகணும்னு தோணுதா, இல்ல அவங்க கூப்பிட்டாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

அவர் பதில் சொல்லவில்லை. ரேடியோ பதில் சொல்லாமல் இருந்தது அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்த மௌனம் அவளோடு படியேறி வந்தது. இரண்டும் ஒன்றா? ஒன்றாகவே இருந்துவிட்டன இத்தனை காலம், யாரும் பிரித்துப் பார்க்காததால். கூப்பிட்டார்கள், போனாள். போன இடத்தில் ஜன்னலை அளந்தாள், திரை தைத்துப் போட்டாள், அதை வீடு என்றாள். இன்னொருவர் காட்டிய வாசலில்தான் எப்போதும் அவள் திரை தொங்கியிருக்கிறது. சலவை அறை வாசலைத்தான் அவளாகப் பார்த்தாள், அவளாகச் சொன்னாள்.

மறுநாள் மாலை மருமகள் போன் செய்தாள். "அத்தை, உங்க ரூம்ல கம்பளியெல்லாம் விரிச்சு வச்சாச்சு. குழந்தை அதுமேலயே உருளுது." அவளுக்கு நெஞ்சு இளகியது. அந்த நேரம் கதவைத் தட்டிப் பஸ்காரி, "அக்கா, சூப் ஆறுது!" என்று கத்தினாள்.

"யாரு அத்தை அது?"

"இங்க பக்கத்துல இருக்கிறவங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு, சொன்னதை மறுபடி மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை குழாய்களில் தண்ணீர் தடதடத்தது. கட்டடம் முழுவதும் கைதட்டல் கேட்டது. அவளும் தட்டினாள், எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள். முடிந்தது. சூடு வீட்டுக்கே வந்துவிட்டது, இனி யாருக்கு யார். அவரவர் கதவு, அவரவர் குழாய்.

சனிக்கிழமை காலை அவள் சலவை அறைக்கு இறங்கினாள். திரையைக் கழற்றத்தான், வேறு காரணம் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறை காலியாக இருந்தது. மெஷின்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. நாற்காலியில் ஏறி முதல் வளையத்தில் கையை வைத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே நின்றாள். போகவேண்டாம் என்று மனம் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். அது ஒன்றும் சொல்லவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, கீழே யாரோ வருவதை எதிர்பார்க்கிறதுபோல்.

சாவிகள் குலுங்கின.

"எறங்குங்கக்கா மொதல்ல, விழுந்து வைக்காதீங்க" என்றது பஸ்காரியின் குரல். அவள் கையில் ஒரு துண்டு இருந்தது. தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, சொட்டு ஈரமில்லை.

அவள் நாற்காலியில் நின்றபடியே கேட்டாள், "வீட்ல சூடு வரலியா?"

"கொதிக்குது. அதுக்காக?" பஸ்காரி துண்டை மெஷினுக்குள் எறிந்தாள். "அங்க தனியா உக்காந்து யார்கிட்ட ஹாரன் அடிக்கிறது?"

பின்னாலேயே ரேடியோவும் இளம்பெண்ணும் வந்தார்கள். ரேடியோ கையில் துணிகூட இல்லை, வெட்கமில்லாமல் வெறுங்கையோடு வந்திருந்தார். இளம்பெண் அவளருகே வந்து, "அம்மா, எங்க ஜன்னலுக்கு இதே மாதிரி ஒண்ணு தச்சுத் தருவீங்களா? சாவியோட" என்றாள்.

"எனக்குச் சாவி வேணாம், தூக்கம் கெடும்" என்றார் ரேடியோ. "ஆனா திரை வேணும்."

"வரிசையில வாங்க அண்ணே, எனக்கப்புறம்தான் நீங்க" என்றாள் பஸ்காரி.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். கால் தரையில் பட்டபோது, எத்தனையோ ஊர்களுக்குப் பிறகு, தான் நிற்கும் இடம் தனக்குத் தெரிந்தது. இது கணவர் கொண்டுவந்து விட்ட கட்டடம்தான். ஆனால் இந்தக் காலை அவளுடையது. டேப்பை எங்கே வைத்தோம் என்று தேடினாள். அது வழக்கம்போல் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மகன் வந்தபோது அவள் ஒரு கனத்த பச்சைத் துணியைத் துணி மடிக்கும் மேசைமேல் விரித்து அளந்துகொண்டிருந்தாள். மாடியில் திறந்து கிடந்த வீட்டில் யாரும் இல்லாததால் வாட்ச்மேன் அவனைக் கீழே அனுப்பியிருந்தார். திரையை விலக்கினான், சாவிகள் குலுங்கின, அவன் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தான்.

"இதான் பையனா?" என்றாள் பஸ்காரி. "வாப்பா, உக்காரு. சூப் குடிக்கிறியா?"

"இல்லக்கா, வண்டி வெளிய நிக்குது." அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் கன்னங்கள் சிவந்திருந்தன. ஸ்வெட்டர் கைகளை முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தாள். "அம்மா, மெஷின் கட்டு அவுந்து கெடக்கு. யார் அவுத்தா?"

"நான்தான் வெட்டிட்டேன்" என்றாள். "அந்த ஓரத்தப் பிடி."

அவன் பிடித்தான். சின்ன வயதில் தினமும் பிடித்தவன். துணியின் மறுமுனையைப் பிடித்துத் தளராமல் நிற்க அவனுக்கு அவள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் இங்கிருந்து டேப்பை நீட்டினாள். மற்றவர்கள் திடீரென்று மெஷின்களுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டியாம்மா?" என்று அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இல்ல."

"ஏன்?"

அவள் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். நேரான கோடு.

அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் கை சொன்னது. துணி லேசாகத் தளர்ந்தது. அவன் கெட்டவனில்லை. தனியாக இருக்கிறாளே என்றுதான் வந்திருக்கிறான். அந்தத் தனிமை இங்கே எங்கே என்று தேடுகிறவன்போல் அறையைச் சுற்றிப் பார்த்தான், சூப் பாத்திரத்தை, குழந்தையை, பேசாமலிருக்கப் படாத பாடு படும் ரேடியோவை.

"சரி, நிரந்தரமா வேணாம்" என்றான். "குளிர் முடியிறவரைக்கும் மட்டும் வாயேன். ரெண்டு மாசம். அவ ரூமெல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்காம்மா."

வாயின் நுனியில் 'சரி' என்கிற அந்தப் பழைய பூனை வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். கதவை மெல்லச் சாத்தினாள்.

"கோடையில வர்றேன், குழந்தையப் பாக்க. ஒரு வாரம் இருப்பேன்" என்றாள். "இப்ப இறுக்கிப் பிடி, துணி தொங்குது."

அவன் இறுக்கிப் பிடித்தான்.

"அப்புறம்," என்றாள் அவள், அடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டே, "அடுத்த தடவ வரும்போது என் கம்பளிய எடுத்துட்டு வந்துருப்பா. அதான் பெரிய மூட்டை. அத முதல்ல கொண்டு வா."